சூடம் அணைக்காத பிள்ளை

எனக்குக் கணிதம்தான் பாடம். எங்கள் பாடசாலையில் சமயப் பாடத்துக்கு ஆள் இல்லாமல் போனபோது அதிபர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், கொஞ்ச நாளைக்கு நீங்க பாத்துக்குங்க" என்றார். கொஞ்ச நாள் என்பது பாடசாலைக் கணக்கில் எத்தனை வருஷம் என்று மலைநாட்டில் படிப்பிக்கிற எல்லோருக்கும் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் புருஷனுடைய வாய்க்குப் பயந்து கோயிலுக்குப் போகிறவள் கையில் தேவாரத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

முன்பே இருந்த சந்தேகம் அந்த வகுப்பில்தான் முற்றியது. தவணைப் பரீட்சையில் வாய்மையின் சிறப்பைப் பற்றி எழுதச் சொன்னால், பக்கத்துப் பிள்ளையின் தாளை எட்டிப் பார்த்து வாய்மையின் சிறப்பை எழுதுவார்கள். பிடித்துக் கேட்டால், "அம்மாவாண பாக்கல டீச்சர்" என்பார்கள். அதனால் சமயம் படித்தால்தான் பிள்ளைக்கு ஒழுக்கம் வரும் என்று யாராவது சொன்னால், சொல்கிறவரின் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்வேன். இவருக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

என் கணவர் அந்தக் கட்சி. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பகுதியில் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பார். கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். எங்கள் ஒரே மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நடக்கும் அறநெறி வகுப்புக்கு அவளை அனுப்பியே ஆகவேண்டும் என்று நின்றார்.

"சாமி பயம் இல்லாம வளர்ற புள்ள நாளைக்கு நம்மளையே மதிக்காது" என்றார்.

"பயத்துல வர்ற நல்ல குணம் பயம் போனா கூடவே போயிரும்ங்க" என்றேன்.

மூன்று வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் ஜெயித்தார். முதல் ஞாயிறு போய் வந்த மகள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அம்மா, பொய்ச் சத்தியம் பண்ணினா எட்டு நாளைக்குள்ள அம்மன் கண்ணைக் குத்திருமாம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்தத் தாய் பெற்ற பிள்ளையின் கண்ணைக் குத்துவாள் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அறநெறி டீச்சர் பொய் சொல்றாங்களா?" என்றாள். நானும் ஒரு டீச்சர். தேநீர் ஆறுகிறது, குடி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் தோட்டம் ஹட்டனிலிருந்து நோர்வூட்டுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே, ஏற்றத்தில் எங்கள் வீடு. கீழே கோயில். கோயில் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயின் வாய் நேரே எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கும். ஆடி பிறந்தால் விடியற்காலையிலேயே அம்மன் பாட்டு தொடங்கிவிடும். அந்த வருஷம் மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. காலையில் எழுந்து படிக்க உட்கார்ந்தால் காதில் விரலை விட்டுக்கொண்டு வாயை மட்டும் அசைப்பாள்.

நான் கோயில் கமிட்டித் தலைவரிடம் போய்க் கேட்டேன். பரீட்சை முடியும்வரை சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மன் பாட்டு காதுல விழுந்தாத்தான் புள்ளைக்குப் படிப்பு ஏறும் டீச்சரம்மா" என்றார்.

"இத்தன வருஷமா விழுதே. நம்ம தோட்டத்துல இன்னும் ஒரு டாக்டர்கூட வரலையே?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் காதில் அது விழுந்தது. அன்று மாலைக்குள் எல்லா லயங்களுக்கும் போய்விட்டது. பக்கத்தில் நின்ற என் கணவர் வாயைத் திறக்கவில்லை. கமிட்டிக்காரர், பெண்சாதி பேச்சைக் கேட்டு ஆடுகிறார் என்று சொல்லிவிடுவார்களாம்.

திருவிழாவுக்கு முன்னால் கோயிலுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கம்பத்திலிருந்து குழாயை இறக்கி, சாமான் அறையில் வைத்தார்கள். அந்த ஞாயிறு அறநெறி வகுப்புப் பிள்ளைகள்தான் அந்த அறையைக் கூட்டித் துடைத்தார்கள். மறுநாள் குழாயை ஏற்றப் போனால், அதன் பின்னால் திருகி வைக்கிற யூனிட்டைக் காணோம். அது சின்னத் தேங்காய் அளவுதான் இருக்கும். ஆனால் சத்தம் அதிலிருந்துதான் வரவேண்டும். அது இல்லாவிட்டால் குழாய் வெறும் புனல். கோயிலின் சவுண்ட் செட்டை எப்போதும் பழுது பார்ப்பவர் என் கணவர் என்பதால், காணோம் என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவர்தான்.

தோட்டம் முழுவதும் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் மகளிடம் சொல்லிக் கொடுத்து எடுக்கவைத்திருப்பாள் என்று பேச்சு. நான் தலைவரைச் சந்தேகித்தேன். பழைய செட்டை ஒழித்துவிட்டு, பெரிதாக ஒரு புதுச் செட் வாங்க அவருக்கு நெடுநாள் ஆசை. காலைகள் அமைதியாக இருந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

கமிட்டி கூடி, சூடம் அணைக்க வேண்டும் என்று முடிவு செய்தது. எங்கள் பக்கத்தில் களவு போனால் பொலிசுக்குப் போவதற்கு முன்னால் அம்மனிடம் போவார்கள். சந்நிதிக்கு முன்னாலிருக்கும் கல்லில் கற்பூரத்தைக் கொளுத்தி வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, "நான் எடுக்கல. எடுத்தது யாருன்னும் எனக்குத் தெரியாது" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் தட்டி அணைத்து, அதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். சாமான் அறைக்குள் போய்வந்த அத்தனை பேரும் வரவேண்டும் என்றார்கள். கமிட்டிக்காரர்கள், பெயிண்ட் அடித்த பொடியன்கள், அறநெறிப் பிள்ளைகள்.

வெள்ளிக்கிழமை மாலை. காற்றும் தூறலும். ஒருவர் வாயைத் திறப்பதற்குள் காற்றே சூடத்தை அணைத்துவிட்டது. அவர் குற்றவாளியா, அம்மனே அவரை விட்டுவிட்டாளா என்று பெரிய விவாதம். கடைசியில் தலைவர், "காத்து அணைச்சது கணக்கில்ல, மறுபடி கொளுத்துங்க" என்றார். குடை பிடித்துக் கொளுத்தினார்கள்.

தலைவர் சத்தியம் செய்தபோது நான் அவர் கையையே பார்த்தேன். திருடன் கை நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்து என் கணவர் போனார், சொன்னார், தட்டினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரை நான் சரியாகப் பார்க்கவில்லை. கட்டிய புருஷனை யார் அப்படி உற்றுப் பார்ப்பார்கள்?

பிள்ளைகளில் என் மகளின் முறை வந்தது. கல்லின் முன்னால் நின்று, "நான் எடுக்கல" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

அறநெறி டீச்சர் குனிந்து, "மிச்சத்தையும் சொல்லு பாப்பா" என்றார். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் சின்னப் பெண் அவர்.

"நான் எடுக்கல. சூடம் அணைக்க மாட்டேன்."

சூடம் எரிந்து தானாகவே தீர்ந்தது. கூட்டத்தில் ஒரு பெண் குரல், "தாயைப் போல புள்ள, நூலைப் போல சேல" என்றது. என் கணவர் குனிந்து, கால் கட்டை விரலால் சிமெந்துத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகளால் மானம் போகிறது என்று நினைக்கிறார் என்று எனக்குக் கோபம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்துவிட்டேன்.

ஏறும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரே வரிசையில் நின்று தலையாட்டும்போது என் பிள்ளை சொந்தப் புத்தியோடு நின்றாளே. அந்தப் பெருமை வீட்டு வாசல்வரைதான் வந்தது. எடுக்கவில்லை என்றால் மிச்சத்தைச் சொல்ல என்ன கஷ்டம்? உள்ளே போய், ஏன் மாட்டேன் என்றாய் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன்" என்றாள். பின்னாலேயே வந்த கணவர், "விடு, சின்னப் புள்ளதானே" என்றார். சாமி காரியத்தில் யார் பிசகினாலும் குதிக்கிற மனுஷன்.

மறுநாள் நோர்வூட்டுக்குப் போனேன். அங்கே ரேடியோ, மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம்தான் எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லாம் வாங்குவார்கள், பழையதை விற்பார்கள். யாராவது யூனிட் ஒன்றை விற்கக் கொண்டுவந்தார்களா என்று கேட்டேன். தலைவர் பெயரைச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

நானா சிரித்தார். "அந்தப் பழசை யாரு டீச்சர் வாங்குவாங்க? எடுத்தவன் விக்கிறதுக்கு எடுக்கல்ல. சத்தத்தை நிப்பாட்டத்தான் எடுத்திருப்பான்."

சத்தம் நிற்க வேண்டும் என்று அந்தத் தோட்டத்தில் வாய்விட்டுச் சொன்னவள் நான் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து மகளின் புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியிலும் விறகுக்குப் பின்னாலும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் வாசலில் நின்று நான் தேடுவதைப் பார்த்தாள். கொட்டிய புத்தகங்களை எடுத்துப் பையில் அடுக்கினாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கூடவே திரிந்த சிநேகிதி பின்வரிசை வாங்குக்குப் போய்விட்டாள். இடைவேளையில் "கள்ளி, கள்ளி" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அதில் பாதிப் பேருக்குச் சமயப் பாடம் படிப்பிப்பவள் நான். பரீட்சைக்கு முன்னால் என் பிள்ளை படிப்பில் மனம் வைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றுதான் கண்நோவு ஆரம்பித்தது. முதலில் தலைவருக்கு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். அடுத்து பெயிண்ட் அடித்த பொடியன்கள், பிறகு அறநெறி டீச்சர், பிறகு பிள்ளைகள். கண் சிவந்து, வீங்கி, பீளை தள்ளிக்கொண்டு டிஸ்பென்சரியில் வரிசை. சத்தியம் செய்ய மறுத்தவள் ஒருத்தி இருப்பதால் அம்மனுக்குக் கோபம் வந்துவிட்டது என்று வேப்பிலை கட்டினார்கள். அந்த மறுத்தவளின் கண் மட்டும் பளிச்சென்று இருந்ததை ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரே கல்லை எல்லோரும் தட்டி, தட்டிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் வேறென்ன வரும்? எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அம்மன் கண்ணைக் குத்துவது உண்மையென்றால், தோட்டத்தில் பொய் சொல்லாதவள் என் மகள் ஒருத்திதான் என்று ஆகிறதே!

புதன்கிழமை என் கணவருக்கும் வந்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்து, தலையை அண்ணாந்து பிடித்து மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். பாடசாலை விட்டு வந்த மகள் அவர் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணு போயிருமா?"

"இது சாதாரணக் கண்நோவு. ஊருக்கே வந்திருக்கு."

"இல்லம்மா. அப்பாதான்மா எடுத்தாங்க." அழுகையோடு அழுகையாகச் சொன்னாள். "நான் ரூம் கூட்டிக்கிட்டிருந்தேன். ஸ்பேனரால கழட்டி மழைக்கோட்டுக்குள்ள வச்சாங்க. என்னயப் பாத்துட்டு வாயில விரல வச்சாங்க."

மருந்துக் குப்பியோடு நின்றேன். அவர் கண்ணை மூடியபடியே இருந்தார். மருந்து விட்டதால் திறக்க முடியவில்லையா, திறக்க முகமில்லையா என்று தெரியவில்லை.

"ஒம் பரீட்சைக்காகத்தான் பாப்பா" என்றார் கடைசியில். "முடிஞ்சதும் திருப்பி வச்சிரலாம்னு இருந்தேன். தலைவர்கிட்ட நான் எப்படிப் போய்ச் சத்தத்தக் குறைங்கன்னு சொல்றது? அம்மனுக்குத் தெரியும், நான் எதுக்கு எடுத்தேன்னு."

"அம்மனுக்குத் தெரியும். அதனால அம்மன் முன்னால பொய் சொல்லலாம். தலைவர் முன்னாலதான் உண்மையச் சொல்லக் கூடாது, இல்லையா? என்னா சாமி பயம்ங்க இது? அஞ்சு நாளா புள்ளையக் கள்ளின்னு கூப்பிடுறாங்க, நீங்க சோத்தப் போட்டுத் தின்னுக்கிட்டிருந்தீங்க!" பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றுகூட நான் யோசிக்கவில்லை. அவர் எழுந்து, தட்டித் தடவி, ஸ்பேனர்கள் வைக்கிற தன் ஆயுதப் பெட்டியைத் திறந்து யூனிட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வீடெல்லாம் தேடிய நான் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை.

மகளுக்குக் கண்நோவு எப்படிப் பரவும் என்று விளக்கினேன். கல், கை, கண். அவள் கவனமாகக் கேட்டாள். "அப்ப சாமி குத்தலையா?" என்றாள். இல்லை என்றேன். அவள் அப்பா பக்கம் திரும்பி, "அப்ப பயமில்லைதானேப்பா? சொல்லிரலாம்தானே?" என்றாள்.

அவர் சொல்லவில்லை. விடியற்காலையில் போய், யூனிட்டைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கோயில் படியில் வைத்துவிட்டு வந்தார். அது கெட்ட காரியத்தை இன்னும் கெடுத்துவிட்டது. அம்மனுக்குப் பயந்து டீச்சர் மகள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள் என்று தோட்டமே மகிழ்ந்தது. எல்லோரும் அவளிடம் அன்பாக நடக்கத் தொடங்கினார்கள். கள்ளி என்று கத்தியதைவிட அந்த அன்பு மோசமாக இருந்தது. ஒரு பெண் வழியில் அவள் கன்னத்தைத் தட்டி, "பரவால்லடா, சின்ன வயசு, திருந்திட்டீல்ல" என்றாள்.

நானே கமிட்டிக்குப் போய்ச் சொல்கிறேன் என்று செருப்பை மாட்டினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லாதீங்கம்மா. அப்பாவே சொல்லட்டும்." அப்பா சொல்வார் என்று அவளுக்கு இருந்த நம்பிக்கை எனக்கு இல்லை. அவளுக்காகச் செருப்பைக் கழற்றினேன்.

திருவிழா வந்தது. குழாய் மறுபடியும் கம்பத்தில் ஏறியது. பூசை முடிந்து அறநெறிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும்போது தலைவர் மைக்கைப் பிடித்தார். கறுப்புக் கண்ணாடி அப்போதும் இருந்தது. "சாமி பயம்னா என்னான்னு நம்ம தோட்டம் இந்த ஆடியில கண்ணால பாத்துச்சு. தவறு செஞ்ச ஒரு புள்ள, பேரு சொல்ல விரும்பல, தானா வந்து..."

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. மகள் தலையைக் குனியவில்லை. கூட்டத்தையோ அம்மனையோ பார்க்கவில்லை. சாமான் அறை வாசலில் சவுண்ட் செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவையே பார்த்தாள். அப்போது சத்தம் நின்றது. தலைவரின் வாய் அசைந்தது, ஒன்றும் வரவில்லை. என் கணவர் எழுந்து சந்நிதி முன்னால் வந்து, அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களைப் பார்த்து நின்றார்.

"நான்தான் எடுத்தேன்" என்றார். "ஏம்புள்ள எடுக்கல."

முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்னாலிருந்து, "என்னா சொல்றாரு? கேக்கல, மைக்கில சொல்லுங்க!" என்று கத்தினார்கள். அவர் திரும்பிப் போய், நிறுத்தியதைத் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தார். தலைவர் என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை நீட்டினார். "நான்தான் எடுத்தேன். பொய்ச் சத்தியமும் பண்ணினேன். ஏம்புள்ள எடுக்கல." அவர் திருடிய யூனிட் வழியாகவே அது மலையில் பட்டு, ஆற்றுக்கு அந்தப்பக்கத்துத் தோட்டம்வரை போனது. மறுநாள் அங்கிருந்து வரும் பிள்ளைகள் என்னிடம் விசாரித்தார்கள்.

கமிட்டியிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். சவுண்ட் செட் பழுதானால் மட்டும் இன்னும் கூப்பிடுகிறார்கள். அறநெறி டீச்சர் வீட்டுக்கு வந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க சொல்லிக் குடுத்தது வீண்போகல டீச்சர்" என்றார். அம்மன் கிருபை என்றார் கணவர். நான் வளர்த்த வளர்ப்பு என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என்னையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. பையைக் கொட்டித் தேடியவளும் நான்தானே.

பரீட்சை முடிந்த பிறகு, தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அவளிடமே கேட்டேன். "அன்னைக்கு ஏன் சூடம் அணைக்க மாட்டேன்னு சொன்ன? சாமி கண்ணைக் குத்தும்னு பயமா?"

"தெரியலம்மா. சாமிக்கு எல்லாம் தெரியுமான்னும் எனக்குத் தெரியாது." தலையைத் திருப்பாமலே சொன்னாள். "ஆனா நான் பொய் சொன்னா அப்பாவுக்குத் தெரியும்ல. அப்பா அங்கதானே நின்னுக்கிட்டிருந்தாங்க."